பிள்ளையானின் வாக்குக் கணக்கு: 2008 முதல் 2024 வரை

தனித்த கிழக்கு மாகாண சபையின் முதலாவது முதலமைச்சரான சிவநேசதுரை சந்திரகாந்தன், அதாவது பிள்ளையான், பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் இரண்டு எல்லைகளில் நின்றுவிடுகின்றன. சிறையில் இருந்தவாறே 54,198 விருப்பு வாக்குகளைப் பெற்றவர் என்கின்றனர் ஆதரவாளர்கள். ஆயுதக் குழுவொன்றின் தலைவராக இருந்து அரசாங்கத்தின் தயவில் பதவிக்கு வந்தவர் என்கின்றனர் எதிர்ப்பாளர்கள். இரண்டு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஆயினும் 2008 தொடக்கம் 2024 வரையான பதினாறு ஆண்டுகளில் அவர் நேரடியாகப் போட்டியிட்ட ஐந்து தேர்தல்களின் எண்களை ஒருசேர வைத்துப் பார்ப்போர் குறைவு. அவ்வாறு பார்க்கும்போது, அந்த எண்கள் பிள்ளையானைப் பற்றிச் சொல்வதைவிட, கிழக்கின் தமிழ், முஸ்லிம் வாக்காளர்கள் தாம் அறியாமலேயே ஒருவரது தலைவிதியை மற்றவர் எவ்வாறு தீர்மானித்து வந்துள்ளனர் என்பதையே அதிகம் சொல்கின்றன.

கணக்கினுள் நுழைவதற்கு முன்னர் நமது தேர்தல் முறையின் ஓர் அம்சத்தை நினைவூட்டுவது அவசியமாகிறது. வாக்காளர் முதலில் கட்சியின் சின்னத்துக்குப் புள்ளடி இடுகிறார். அதன்பின், விரும்பினால், அக்கட்சியின் வேட்பாளர்களில் மூவரின் இலக்கங்களுக்கு விருப்பு வாக்கை அளிக்கிறார். ஆசனங்களை வெல்வது பட்டியல். அந்த ஆசனங்களில் அமர்வது யார் என்பதையே விருப்பு வாக்கு தீர்மானிக்கிறது. ஆகவே ஒருவரின் விருப்பு வாக்கு எண்ணிக்கையைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டு அவரது செல்வாக்கை அளப்பது தவறு. அவர் எந்தப் பட்டியலில் நின்றார், அப்பட்டியலுக்கு மொத்தமாக எத்தனை வாக்குகள் விழுந்தன, எதிரே யார் நின்றார்கள், யார் நிற்கவில்லை என்பனவற்றையும் சேர்த்தே அதை வாசிக்க வேண்டும்.

2004 மார்ச்சில் விடுதலைப் புலிகள் இயக்கத்திலிருந்து கருணா பிரிந்து சென்றதும், அப்பிளவிலிருந்து தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் என்ற அமைப்புத் தோன்றியதும், பின்னர் அதன் தலைமை பிள்ளையானிடம் வந்ததும் வாசகர்கள் அறிந்தவையே. வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாது என உயர்நீதிமன்றம் 2006 ஒக்டோபரில் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து, கிழக்கு மாகாணத்துக்கெனத் தனியான முதலாவது தேர்தல் 2008 மே 10 ஆம் திகதி நடைபெற்றது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தில் நடந்த உள்ளூராட்சித் தேர்தலில் 8 பிரதேச சபைகளைப் படகுச் சின்னத்தில் அவரது கட்சி கைப்பற்றியிருந்தது. மாகாண சபைத் தேர்தலிலோ படகை ஒதுக்கிவைத்து, ஐக்கிய மக்கள் சுதந்திரக் கூட்டமைப்பின் வெற்றிலைச் சின்னத்தில் போட்டியிட அக்கட்சி தீர்மானித்தது.

அத்தேர்தலில் மட்டக்களப்பு மாவட்டத்தில் வெற்றிலைக்கு 105,341 வாக்குகள் கிடைத்தன. பிள்ளையானின் விருப்பு வாக்குகள் 41,936. அதே பட்டியலில் நின்ற எம்.எல்.ஏ.எம். ஹிஸ்புல்லாஹ் ஏறத்தாழ 36 ஆயிரம் விருப்பு வாக்குகளைப் பெற்றார். மாகாணத்தின் 37 ஆசனங்களில் வெற்றிலை 20 ஐயும், முஸ்லிம் காங்கிரஸையும் இணைத்துக்கொண்டு யானைச் சின்னத்தில் நின்ற ஐக்கிய தேசியக் கட்சி 15 ஐயும் பெற்றன.

மேற்படி முடிவில் மூன்று விடயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அத்தேர்தலில் போட்டியிடவில்லை. மாகாணங்கள் பிரிக்கப்பட்டமையை ஏற்பதாகிவிடும் என்பது அதன் நிலைப்பாடு. இரண்டாவது, ஆயுதம் தாங்கியோர் நடமாடிய சூழலிலேயே வாக்களிப்பு நடந்தது. மோசடி நிகழ்ந்ததாக எதிர்க்கட்சிகள் குற்றஞ்சாட்டின. கண்காணிப்பாளர்களும் முறைகேடுகளைச் சுட்டிக்காட்டினர். மூன்றாவது, தமிழரும் முஸ்லிம்களும் ஒரே சின்னத்துக்குப் புள்ளடியிட்டே அந்த 105,341 வாக்குகள் சேர்ந்தன. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் ஹிஸ்புல்லாஹ்வை மனதில் வைத்து வெற்றிலைக்கு வாக்களித்த ஒருவரின் வாக்கு, பிள்ளையானை முதலமைச்சராக்கிய பட்டியலின் ஆசனங்களையும் உயர்த்தியது.

முதலமைச்சர் யார் என்ற இழுபறி அங்கிருந்துதான் தொடங்கிற்று. 13 ஆவது திருத்தத்தின்படி, சபையில் அரைவாசிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரே கட்சியினராயின், சபையில் அக்கட்சியின் தலைவராக இருப்பவரையே ஆளுநர் முதலமைச்சராக நியமிக்க வேண்டும். தலைவர் யார் என்பதைத் தீர்மானிப்பது கட்சி மேலிடம். எனவே விருப்பு வாக்கில் முதலிடம் பெற்றவருக்கோ, அதிக உறுப்பினர்களைக் கொண்ட சமூகத்துக்கோ அப்பதவி தானாகவே சேரும் என்ற ஏற்பாடு சட்டத்தில் கிடையாது. முஸ்லிம் உறுப்பினர்களின் எண்ணிக்கையை முன்வைத்து ஹிஸ்புல்லாஹ் தரப்பு உரிமை கோரியது. விருப்பு வாக்கை முன்வைத்துப் பிள்ளையான் தரப்பு உரிமை கோரியது. முடிவு கொழும்பில் எடுக்கப்பட்டு, மே 16 ஆம் திகதி பிள்ளையான் பதவியேற்றார். ஹிஸ்புல்லாஹ் பின்னர் மாகாண சுகாதார அமைச்சரானார். அதே மாதத்தில் காத்தான்குடி, ஆரையம்பதி எல்லையில் வன்செயல் வெடித்து உயிர்கள் பறிபோயின. இரு சமூகத்தின் வாக்குகளையும் ஒரே பெட்டியில் சேர்த்துவிட்டு, அதன் பலனைப் பங்கிடும் பொறுப்பைக் கொழும்பிடம் விட்டதன் விலையை மட்டக்களப்பு மக்களே செலுத்தினர் எனலாம்.

2010 பாராளுமன்றத் தேர்தலின்போது பிள்ளையான் முதலமைச்சராகவே இருந்தார். அவரது கட்சி மட்டும் படகுச் சின்னத்தில் தனித்துக் களமிறங்கியது. கிடைத்தவை 16,886 வாக்குகள், ஆசனம் எதுவுமில்லை. இதை ஒரு சிறு கட்சியின் தோல்வியாக மட்டும் கொள்வது சரியன்று. அம்மாவட்டத்தில் தமிழரசுக் கட்சி 66,235 வாக்குகளையும் வெற்றிலை 62,009 வாக்குகளையும் பெற்றன. பாராளுமன்றத் தேர்தலில் மாவட்டத்தில் முதலிடம் பெறும் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் உண்டு. படகின் வாக்குகள் வெற்றிலையுடன் சேர்ந்திருந்தால் மொத்தம் 78,895 ஆகி, முதலிடமும் போனஸ் ஆசனமும் கைமாறியிருக்கும். வீட்டுச் சின்னம் மூன்று ஆசனங்களைப் பெற்றதற்கு அதன் சொந்தப் பலத்துடன் படகு தனியே ஓடியதும் ஒரு காரணம். கூட்டமைப்பைத் தோற்கடிக்கவென உருவாக்கப்பட்டதாகக் கூறப்பட்ட கட்சி, கூட்டமைப்புக்கு ஓர் ஆசனத்தை ஈட்டிக் கொடுத்தது என்று அன்று யாரும் எழுதியதாக நினைவில்லை.

2012 செப்டெம்பர் 8 ஆம் திகதி இரண்டாவது மாகாண சபைத் தேர்தல் நடைபெற்றது. இம்முறை கூட்டமைப்புக் களத்தில் நின்றது. மட்டக்களப்பில் செல்லுபடியான வாக்குகளின் தொகை 2008 ஐவிட ஏறத்தாழ 25 ஆயிரத்தால் அதிகரித்தது. வீட்டுச் சின்னத்துக்கு 104,682 வாக்குகள், வெற்றிலைக்கு 64,190, மரச் சின்னத்தில் தனித்து நின்ற முஸ்லிம் காங்கிரஸுக்கு 23,083. பிள்ளையானின் விருப்பு வாக்குகள் 41,936 இலிருந்து 22,338 ஆகச் சரிந்தன. நான்காண்டு காலம் முதலமைச்சராக இருந்து, வீதிகளையும் கட்டடங்களையும் திறந்துவைத்த ஒருவருக்கு இது பெரும் வீழ்ச்சியே. ஆனால் பட்டியலில் அவரது பங்கைப் பாருங்கள்: 2008 இல் வெற்றிலைக்கு வாக்களித்த நூறு பேரில் ஏறத்தாழ 40 பேர் அவருக்கு விருப்பு வாக்களித்தனர், 2012 இல் ஏறத்தாழ 35 பேர். சரிந்தது பெரும்பாலும் பட்டியலே. கூட்டமைப்பு இல்லாத களத்தில் வெற்றிலைக்குச் சென்ற தமிழ் வாக்குகள், அது வந்ததும் வீட்டுக்குத் திரும்பின. மட்டக்களப்பில் வெற்றிலையில் தெரிவான நால்வரில் பிள்ளையான் தவிர்ந்த மூவரும் முஸ்லிம்கள்.

இவ்விடத்தில்தான் அவரது தேர்தல் வாழ்வின் மிக முக்கியமான, அதிகம் பேசப்படாத எண் வருகிறது. மாகாண சபைத் தேர்தலில் போனஸ் ஆசனங்கள் இரண்டு. அவை மாவட்டத்துக்கன்றி, மாகாணம் முழுவதிலும் அதிக வாக்குப் பெறும் கட்சிக்கு உரியவை. 2012 இல் மாகாணம் முழுவதும் வெற்றிலை 200,044 வாக்குகளையும், வீட்டுச் சின்னம் 193,827 வாக்குகளையும் பெற்றன. வித்தியாசம் 6,217. இரண்டு போனஸ் ஆசனங்களுடன் வெற்றிலைக்கு 14, கூட்டமைப்புக்கு 11, முஸ்லிம் காங்கிரஸுக்கு 7, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 4, தேசிய சுதந்திர முன்னணிக்கு 1 என ஆசனங்கள் பகிரப்பட்டன. ஆட்சியமைக்கத் தேவை 19. கூட்டமைப்பும் முஸ்லிம் காங்கிரஸும் கைகோத்தாலும் 18, ஒன்று குறைவு.

பிள்ளையானுக்கு விருப்பு வாக்களித்தவர்கள் 22,338 பேர். அவர்களில் ஏழில் ஒரு பங்கினர், அதாவது 3,109 பேர் மட்டும், வெற்றிலையை விட்டு வீட்டுக்குப் புள்ளடி இட்டிருந்தால் முதலிடம் மாறியிருக்கும். போனஸ் ஆசனங்கள் இரண்டும் கூட்டமைப்புக்குச் சென்று அதற்கு 13 ஆகியிருக்கும். முஸ்லிம் காங்கிரஸின் ஏழுடன் 20. மூன்றாவது கட்சி எதன் தயவும் தேவைப்படாத தமிழ், முஸ்லிம் கூட்டாட்சிக்கான எண்ணிக்கை அது. அவ்வாறான ஆட்சி அமைந்திருக்கும் என்று உறுதி கூற எவராலும் இயலாது. முஸ்லிம் காங்கிரஸ் அப்போது மத்திய அரசாங்கத்தின் பங்காளியாக இருந்தது. ஆனால் பேரம் பேசும் மேசையில் இருந்த எண்கள் வேறாக இருந்திருக்கும். நடந்ததோ, முஸ்லிம் காங்கிரஸ் வெற்றிலையுடன் இணைந்தது. நஜீப் அப்துல் மஜீத் முதலமைச்சரானார். பிள்ளையானுக்கு ஜனாதிபதியின் ஆலோசகர் பதவி. 2008 இல் முஸ்லிம் வாக்குகளின் துணையுடன் தமிழர் ஒருவர் முதலமைச்சரானார் என்றால், 2012 இல் பிள்ளையானுக்காக வெற்றிலைக்கு விழுந்த தமிழ் வாக்குகளின் துணையுடன் முஸ்லிம் ஒருவர் முதலமைச்சரானார். இரண்டு சந்தர்ப்பங்களிலும் வாக்களித்தவர்கள் அதை எண்ணி வாக்களிக்கவில்லை.

ஆட்சி மாற்றத்தின் பின்னர் 2015 பெப்ரவரியில் முஸ்லிம் காங்கிரஸின் ஹாபிஸ் நஸீர் அஹமட் முதலமைச்சரானதும், 11 ஆசனங்களைக் கொண்டிருந்த கூட்டமைப்பு கல்வி, விவசாய அமைச்சுகளுடன் திருப்தியடைந்ததும் இதன் தொடர்ச்சியே. 11 பேரைக் கொண்ட கட்சி 7 பேரைக் கொண்ட கட்சிக்கு முதலமைச்சர் பதவியை விட்டுக்கொடுத்தமை நல்லிணக்கத்தின் அடையாளமாகச் சிலரால் போற்றப்பட்டது. மட்டக்களப்பின் தமிழ்க் கிராமங்களில் அது வேறுவிதமாகவே வாசிக்கப்பட்டது. அதன் விளைவை ஐந்து ஆண்டுகள் கழித்துக் காண முடிந்தது.

2015 ஓகஸ்ட் 17 ஆம் திகதி நடந்த பாராளுமன்றத் தேர்தலில் பிள்ளையானும் ஹிஸ்புல்லாஹ்வும் மீண்டும் ஒரே வெற்றிலையில் நின்றனர். வீட்டுக்கு 127,185 வாக்குகளும் மூன்று ஆசனங்களும், மரத்துக்கு 38,477, யானைக்கு 32,359, வெற்றிலைக்கு 32,232. ஐந்தாவது ஆசனத்தை யானையிடம் வெற்றிலை இழந்தது 127 வாக்குகளால். ஹிஸ்புல்லாஹ் தேசியப் பட்டியல் மூலம் பாராளுமன்றம் சென்றார். பிள்ளையானுக்கு அந்த வாய்ப்பும் கிட்டவில்லை. இரண்டு மாதங்களுக்குள், ஒக்டோபர் 11 ஆம் திகதி, முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் 2005 நத்தார் ஆராதனையின்போது மட்டக்களப்பு தேவாலயத்தில் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்குத் தொடர்பில் அவர் கைது செய்யப்பட்டார்.

அடுத்த ஐந்து ஆண்டுகள் சிறை. அக்காலத்தில் வெளியே நடந்தவற்றை நினைவுகூராமல் 2020 ஆம் ஆண்டு முடிவைப் புரிந்துகொள்ள முடியாது. முதலமைச்சர் பதவி தொடர்பான மனக்கசப்புடன், 2019 ஜனவரியில் ஹிஸ்புல்லாஹ் கிழக்கு ஆளுநராக நியமிக்கப்பட்டமை, அவ்வாண்டு ஏப்ரலில் சீயோன் தேவாலயத்தையும் விட்டுவைக்காத உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல், ஜூனில் ஆளுநரின் பதவி விலகல், கல்முனை வடக்குப் பிரதேச செயலகத்துக்கான உண்ணாவிரதம் ஆகியன ஒன்றன்மேல் ஒன்றாக வந்து சேர்ந்தன. கொழும்பு அரசாங்கத்துக்கு ஆதரவளித்தும் கூட்டமைப்பு கிழக்குத் தமிழருக்கு எதையும் பெற்றுத்தரவில்லை என்ற பிரசாரம் எடுபட்டது. கிழக்கைக் கிழக்கே ஆள வேண்டும் என்று படகு சொன்னது, முஸ்லிம் அரசியல் மீதான அச்சத்துடன் கலந்தே ஒலித்தது. அந்த அச்சத்தைத் தூண்டியோர் மீது கண்டனம் உண்டு. அதற்கான விறகை அடுக்கிக் கொடுத்தவர்கள் எல்லாத் தரப்பிலும் இருந்தனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று.

அத்தேர்தலில் வீட்டுக்கு 79,460 வாக்குகள். ஐந்து ஆண்டுகளில் 47,725 குறைவு. படகுக்கு 67,692; பத்து ஆண்டுகளுக்கு முன்னர் அதே சின்னம் பெற்றதைப் போல் நான்கு மடங்கு. பிள்ளையானின் விருப்பு வாக்குகள் 54,198. அதாவது படகுக்குப் புள்ளடியிட்ட நூறு பேரில் 80 பேர். முன்னைய இரு தேர்தல்களிலும் காணாத விகிதம் இது. வெற்றிலை பலரது பட்டியலாக இருந்தது. படகு ஒருவரது பட்டியலாகவே இருந்தது. இருந்தும் ஆசனம் ஒன்றுதான். பொதுஜன பெரமுன 33,424 வாக்குகளுக்கு ஓர் ஆசனம் பெற்ற மாவட்டத்தில், அதன் இருமடங்கைப் பெற்ற படகுக்கும் ஓர் ஆசனமே. இன்னும் 11,769 வாக்குகள் கிடைத்திருப்பின் போனஸ் ஆசனம் அதனுடையது.

முஸ்லிம் வாசகர்கள் அன்றிலிருந்து கேட்டுவரும் ஒரு கேள்விக்கும் இங்கு பதிலுண்டு. முஸ்லிம் காங்கிரஸ் 34,428 வாக்குகளுடன் ஓர் ஆசனத்தைப் பெற, ஹிஸ்புல்லாஹ்வின் ஐக்கிய சமாதானக் கூட்டமைப்பு 31,054 வாக்குகளுடன் வெறுங்கையுடன் திரும்பியது. இரண்டும் சேர்ந்திருந்தால் இரண்டு ஆசனங்கள் என்ற பேச்சு இன்றும் உண்டு. கூட்டினால் 65,482. ஓர் ஆசனத்துக்கான அளவு ஏறத்தாழ 68 ஆயிரத்து 600. ஆக, இணைந்திருந்தாலும் ஓர் ஆசனமே. 28,362 வாக்குகளைப் பெற்ற ஐக்கிய மக்கள் சக்தியும் சேர்ந்து மூன்று பட்டியல்களும் ஒன்றாகியிருந்தால் மாத்திரமே முதலிடமும் போனஸும் வந்திருக்கும். அவ்வாறான சேர்க்கை தமிழ் வாக்குகளையும் மறுபுறம் ஒன்றுசேர்த்திருக்காதா என்பது வேறு விடயம்.

2020 நவம்பரில் பிணையில் வெளிவந்த பிள்ளையான், வழக்கைத் தொடர்வதில்லை எனச் சட்டமா அதிபர் திணைக்களம் அறிவித்ததையடுத்து 2021 ஜனவரி 13 ஆம் திகதி மட்டக்களப்பு மேல் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார். 2022 இல் கிராமிய வீதி அபிவிருத்தி இராஜாங்க அமைச்சரானார். பொருளாதாரம் சரிந்து, மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஆண்டில் அமைச்சராவது எவருக்கும் வாக்குச் சேர்க்கும் காரியமன்று. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுடன் அவரைத் தொடர்புபடுத்தி அவரது முன்னாள் நெருங்கிய சகா ஒருவர் பிரித்தானியத் தொலைக்காட்சியொன்றில் 2023 செப்டெம்பரில் தெரிவித்த குற்றச்சாட்டை அவர் மறுத்தார்.

2024 நவம்பர் 14 ஆம் திகதித் தேர்தலில் படகின் வாக்குகள் 31 ஆயிரத்துச் சொச்சமாக, 2020 இன் பாதிக்கும் கீழே இறங்கின. நாடெங்கும் தேசிய மக்கள் சக்தியின் அலை வீசிய அத்தேர்தலில், அது முதலிடம் பெறாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. வீட்டுக்கு 96,975 வாக்குகளும் மூன்று ஆசனங்களும், திசைகாட்டிக்கு ஒன்று, மரத்துக்கு ஒன்று. அந்த மரத்தின் ஆசனத்தில் அமர்ந்தவர், 2008 இல் பிள்ளையானின் பட்டியலில் இருந்து அவருடன் முதலமைச்சர் பதவிக்குப் போட்டியிட்ட அதே ஹிஸ்புல்லாஹ். கடைசி ஆசனத்துக்கான போட்டியில், ஓர் ஆசனத்துக்கான அளவு கழித்த பின்னர் வீட்டுக்கு எஞ்சிய வாக்குகள் படகின் மொத்த வாக்குகளை விஞ்சி நின்றன. முன்னர் படகை நிரப்பிய வாக்குகளில் ஒரு பகுதி வீட்டுக்குத் திரும்பியது என்றும், இன்னொரு பகுதி திசைகாட்டிக்குச் சென்றது என்றும் கொள்ளலாம்.

2025 மார்ச்சில் கருணாவுடன் மீண்டும் ஒரே கூட்டணியில் இணைந்த பிள்ளையான், ஏப்ரல் 8 ஆம் திகதி, கிழக்குப் பல்கலைக்கழக உபவேந்தர் பேராசிரியர் எஸ். இரவீந்திரநாத் 2006 டிசெம்பரில் கடத்தப்பட்டுக் காணாமல்போன சம்பவம் தொடர்பில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினரால் கைது செய்யப்பட்டார்.

அவர் தலைமை தாங்கிய சபையின் கதை அதற்கும் முன்னரே நின்றுவிட்டது. 2012 இல் தெரிவான சபையின் ஆயுட்காலம் 2017 செப்டெம்பர் 30 ஆம் திகதி முடிவடைந்தது. அவ்வாண்டு நிறைவேற்றப்பட்ட திருத்தச் சட்டத்தின் கீழ் தயாரான எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் தோற்கடிக்கப்பட்டது. பழைய விகிதாசார முறைக்குத் திரும்புவதா, தொகுதி கலந்த முறைக்குச் செல்வதா என்பது தீராமல் மாகாணத்தின் நிர்வாகம் ஆளுநரிடம் சென்றது. முறை எதுவாயினும், 2012 இல் தேவைப்பட்ட 19 க்கும் கிடைத்த 18 க்கும் இடையிலான ஓர் ஆசனத்தை மனதிற்கொண்டே தமிழ், முஸ்லிம் கட்சிகள் அடுத்த வேட்புமனுவை நிரப்ப வேண்டியிருக்கும்.